கையில் கட்டிய காரியக்காரர்

மணிக்கட்டில் கட்டினால் நாடியை எண்ணி, உறக்கத்தை அளந்து, “எழுந்து நட” என்று புத்தி சொல்லும் கருவி கடைத்தெருவுக்கு வந்து ஆண்டுகள் பலவாயின. நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்கிறது அது. எந்த வைத்திய சாத்திரத்தில் பிறந்த கணக்கு இது? 1965இல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று விற்ற அடியெண்ணும் கருவியின் பெயரில் பிறந்தது!

மன்னார்குடிப் பக்கம் சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்ணின் கையில் இதைக் கட்டிப் பாருங்கள். அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு நகரும் அவளைச் சோம்பேறி என்று அது சொன்னாலும் வியப்பதற்கில்லை. நடையை உழைப்பென்று வகுத்த புண்ணியவான் நடவு வயலைப் பார்த்தவரல்லர்.

அதற்காகக் கருவியே வேண்டாம் என்போமா? மாட்டோம். சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 537 தொழில்புரியும் ஆண்களை இரண்டாண்டு கவனித்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். கைப்பேசியில் அடிக்கடி அறிவுரைச் செய்தி பெற்றவர்களில் நூற்றுக்குப் 18 பேருக்கு நோய் வந்தது. பெறாதவர்களில் 27 பேருக்கு. சாதாரணச் செய்தி செய்த வேலை இது!

ஆகவே கேட்போம். வெயிலில் உடல் கொதிப்பதை அறிந்து, “நிழலுக்குப் போ, தண்ணீர் குடி” என்று தமிழில், எழுத்தறியாதவர் காதுக்கும் எட்டும்படி சொல்லும் கருவி செய்க! கறுத்த தோலில் சோதித்த பிறகே தருக! விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மும்மடங்கு பிசகியதை 2020இல் அமெரிக்க டாக்டர்களே எழுதினார்கள்.

சரி, நிழலுக்குப் போனவளின் அரைநாள் கூலியை யார் தருவது? வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என 2024இல் தமிழக அரசு அறிவித்தது. கருவி சொன்ன ஓய்வுக்குக் கூலி உண்டு என்றும் அறிவிக்க வேண்டாமா?

இன்னொன்று. சண்டிகாரில் துப்புரவுத் தொழிலாளர் கையில் கட்டிய கடிகாரம், அவர்கள் நிற்குமிடத்தை மேலதிகாரிக்குக் காட்டிக்கொடுத்தது. 2020இல் அவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். நம் தஞ்சையில் பண்ணையாள் காலத்துக் காரியக்காரர்கூட வரப்பில் நின்று பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்தால் வீடு திரும்புவார். இந்தக் காரியக்காரரோ படுக்கைக்கும் கூட வருவார்!

2021 முதல் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துப் பெண் தொண்டர்களிடம் அந்தக் கணக்கு போகட்டும். கூலி கொடுப்பவன் கைக்கு ஓர் எண்கூடப் போகக்கூடாது.