ஃபிலிமை எங்களுக்கும் காட்டுங்க டாக்டர்!

பி.காம் படிக்கிறவனுக்கு மூளைக் கட்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எதுவும் தெரியாமல்தான் இருந்தேன். வீட்டில் ஒருத்தருக்கு வந்தபிறகு தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம் எங்களுடையது. சித்தப்பா ஏரியில் இறால் பிடிக்கிறவர். ரெண்டு வருஷமாக அவருக்கு நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வரும் படகு தெரியாது. வண்டிக் குதிரைக்கு மறைப்பு கட்டின மாதிரி. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டதுதான் மிச்சம். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் பிட்யூட்டரியில் கட்டி என்று தெரிந்தது. பட்டாணி அளவு சுரப்பி அது. அதில் வளர்ந்த கட்டி, மேலே கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. புற்றுநோய் இல்லை.

மூக்கு வழியாக ஆபரேஷன் நடந்தது. முடிந்ததும் "கொஞ்சம் உள்ளே இருக்கு" என்றார்கள். அவ்வளவுதான்! "பாதியை விட்டுட்டாங்க, ஏமாத்திட்டாங்க" என்று குப்பம் முழுக்கப் பேச்சு. சித்தப்பா அடுத்த ஸ்கேனுக்கே வரமாட்டேன் என்றார். இதே மாதிரி பார்வை மங்கிய இன்னொருத்தர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

கெஞ்சிக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு இளம் டாக்டர் பழைய ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்துப் பத்து நிமிஷம் பேசினார். சுரப்பிக்கு ரெண்டு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. கட்டி அவற்றை எவ்வளவு தாண்டியிருக்கிறது என்பதற்கு 0 முதல் 4 வரை மார்க் உண்டு. வியன்னாவின் டாக்டர் நாஸ்ப் குழுவினர் 1993-ல் சொன்ன கணக்கு. எண் கூடக் கூட, முழுசாக எடுக்கும் வாய்ப்பு குறையும். 4 என்றால் குழாயைச் சுற்றி வளைத்துவிட்டது; முழுசாக எடுப்பது கிட்டத்தட்ட நடக்காது. சித்தப்பாவுக்கு இடப்பக்கம் 4.

ஆக, கொஞ்சம் மிச்சம் வைத்தது ஏமாற்று இல்லை, உயிரைக் காத்த வேலை. கண் நரம்பின் அழுத்தத்தை எடுப்பதுதான் முக்கிய நோக்கம். மிச்சத்தை ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம், தேவைப்பட்டால் கதிர்வீச்சு கொடுக்கலாம்.

என் கோபம் இதுதான். இது அத்தனையும் கத்தி வைப்பதற்கு முன்பே அந்த ஃபிலிமில் இருந்தது. ஏன் எங்களிடம் சொல்லவில்லை? பொதுமக்களிடம் பங்கு விற்க வரும் கம்பெனி, ப்ராஸ்பெக்டஸில் என்னென்ன ரிஸ்க் என்று எழுதித்தான் ஆகவேண்டும்; இல்லையென்றால் செபி விடாது. பத்தாயிரம் ரூபாய் பங்குக்கு உள்ள மரியாதை ஒரு மனுஷன் மண்டைக்கு இல்லையா?

"படிக்காதவங்க, சொன்னா பயந்துடுவாங்க" என்பார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து, வலை போடுமுன்பே இன்றைக்கு இறால் படுமா படாதா என்று சொல்கிறவர் என் சித்தப்பா. முன்கூட்டிக் கணிப்பது என்றால் என்ன என்று அவருக்கா புரியாது? சொல்லாமல் விட்டதால்தான் பயந்தார்.

நேரமில்லை என்பது நியாயமான பதில். அரசு ஆஸ்பத்திரி வரிசை எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்ததால் ஒரு நோயாளி பாதியில் நிற்கப் பார்த்தார், இன்னொருத்தர் வரவே இல்லை. இதைச் சிக்கனம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

எம்.ஆர்.ஐ. எல்லாம் சொல்லிவிடாது என்பதும் உண்மை. கட்டி கெட்டியா, மெத்தென்றா என்பதை அது உறுதியாகச் சொல்லாது. சர்ஜனின் கைப்பழக்கமும் சேர்ந்துதான் முடிவு. அதையும் சேர்த்தே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது இது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். ரத்தக்குழாயை எவ்வளவு சுற்றியிருக்கு? எவ்வளவு எடுக்க முடியும்? பார்வை திரும்புமா? (கண் நரம்பு இழை மெலிந்திருக்கிறதா என்று ஓ.சி.டி. ஸ்கேனில் பார்ப்பார்கள், மெலியாமல் இருந்தால் வாய்ப்பு அதிகம்.) ப்ரோலாக்டின் சுரக்கும் கட்டியா என்ற ரத்தப் பரிசோதனையையும் விடாதீர்கள். அந்த வகைக்குப் பெரும்பாலும் மாத்திரையே போதும்.

சித்தப்பா இப்போது ஸ்கேனுக்கு அவரே தேதி ஞாபகம் வைத்துக்கொள்கிறார். அந்த இன்னொருத்தரிடம் நாளைக்கு நான் போய்ப் பேசவேண்டும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு வைத்தியம் பார்க்காதீர்கள், டாக்டரிடம் கேள்வி மட்டும் கேளுங்கள்.