புலியும் கறவை மாடும்

"புலியைக் காப்போம்" என்று படம் வரைந்து பரிசு வாங்குவது போத்தனூரிலிருக்கும் நமக்கு எளிது. காட்டோரத்தில் கறவை மாட்டைப் பறிகொடுத்தவருக்கு அது எளிதா?

நம் நாட்டில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973-ஆம் ஆண்டு தொடங்கிற்று. ஆயினும் திருட்டு வேட்டையாலும் காடு சுருங்கியதாலும் 2006-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,411 புலிகளே எஞ்சின. 2022-இல் அவை 3,682 ஆகப் பெருகின. நமக்கு அண்மையிலுள்ள சத்தியமங்கலம் காட்டில் 2011-இல் 25 ஆக இருந்தவை பத்தாண்டுகளில் 80 ஆயின. அதற்குப் பன்னாட்டு விருதும் கிடைத்தது. வீரப்பன் பெயரால் மட்டுமே ஊரார் அறிந்திருந்த காடு அது!

ஆனால் 2023 செப்டம்பரில், நீலகிரியில் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் மாண்டு கிடந்தன. தம் மாடு கொல்லப்பட்ட ஆத்திரத்தில் ஒருவர் அதன் உடலில் பூச்சிமருந்தைக் கலந்திருந்தார். அவர் கைதானார்.

அது குற்றமே, ஐயமில்லை. எனினும் நம் கொங்குச் சீமையில் மாடு வெறும் கால்நடையா? சொசைட்டியில் ஊற்றும் பால்காசில்தானே பல பிள்ளைகள் படிக்கிறார்கள்! மாடு போனால் அரசு இழப்பீடு தருகிறது. அதற்கு மனு, விசாரணை, சான்று என்று பல படிகள். புலியோ பெரிய இரையை ஒரே வேளையில் தின்று முடிப்பதில்லை. மீண்டும் தேடி வரும். விஷம் வைப்பவருக்கு அந்த இடைவெளி போதும்.

ஆகவே, அன்று பொழுது சாய்வதற்குள் வனத்துறையினர் மாட்டுக்காரர் வீட்டுத் திண்ணைக்கே வந்து, இழப்பீட்டில் ஒரு பகுதியையேனும் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. மனுவும் சான்றும் மீதித் தொகைக்கு இருக்கட்டும்.