கேம் லேக் ஆகிறதா? பர்ஸைத் திறக்க அவசரப்படாதீர்கள்



2017 வாக்கில் வாங்கிய லேப்டாப் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை பிராசஸர், என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம். அப்போது அது நல்ல மெஷின். தவணை கட்டி வாங்கியிருப்பீர்கள். இன்றைக்கும் ஸ்க்ரீன் பளிச்சென்று இருக்கிறது, கீபோர்டில் ஒரு பட்டன்கூடப் போகவில்லை. ஆனால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இந்த வயதுள்ள பிராசஸர்களை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதும் இல்லை.

அதனால் பலர் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் பக்கம் வந்திருக்கிறார்கள். உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டதும் பிரவுசர் வேகமாகத் திறக்கிறது. பேங்க் வேலை, காலேஜ் ப்ராஜெக்ட், சினிமா எல்லாம் நடக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் திருப்தி, ஒருவரைத் தவிர. "லேக் ஆகுதுப்பா, விண்டோஸ்ல நல்லாதானே ஓடுச்சு" என்று முகம் வாடி நிற்கிறது பிள்ளை.

அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். "லினக்ஸ்ல கேமெல்லாம் ஓடாதுங்க" என்று யாராவது சொல்வார்கள். கடையில் விசாரித்தால் புது கேமிங் லேப்டாப்பைக் காட்டுவார்கள். அந்தப் பெரிய தொகையை எடுக்கும் முன், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிள்ளையோடு உட்கார்ந்து இதற்குக் கொடுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். விண்டோஸ் கேம் லினக்ஸில் ஓடுவது ஏதோ குறுக்கு வழி இல்லை. விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் 'வைன்' என்ற மென்பொருளின் வேலை 1993-லேயே தொடங்கிவிட்டது. ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் அதை அடிப்படையாக வைத்து 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' கொண்டுவந்தது. 2022-இல் அதே நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவி ஓடுவது லினக்ஸில்தான். ஆயிரக்கணக்கான விண்டோஸ் கேம்களை அதில் விளையாடுகிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். விண்டோஸ் கேம்கள் படம் வரையச் சொல்லும் கட்டளைகளை 'டைரக்ட்எக்ஸ்' முறையில் கொடுக்கும். லினக்ஸ் கிராஃபிக்ஸ் டிரைவருக்குப் புரிவது 'வல்கன்'. டைரக்ட்எக்ஸ் 11 வரைக்குமான கேம்களுக்கு 'டிஎக்ஸ்விகே', டைரக்ட்எக்ஸ் 12-க்கு 'விகேடி3டி-புரோட்டான்' என்ற இரண்டு பகுதிகள் இந்த மாற்றத்தைச் செய்கின்றன. எல்லாம் சரியாக அமைந்தால், பெரும்பாலான கேம்களில் விண்டோஸுக்கும் இதற்கும் பெரிய வேக வித்தியாசம் தெரியாது. அப்படியென்றால், பாதிக்கும் கீழே வேகம் போய்விட்டது என்றால் என்ன அர்த்தம்? எங்கோ ஒரு குறிப்பிட்ட இடத்தில் கோளாறு. அதைத் தேடினால் கிடைக்கும்.

குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் நாம் உடனே புது மோட்டார் வாங்குவோமா? டேங்கில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்றுதானே முதலில் பார்ப்போம்! இங்கேயும் அந்த வரிசைதான் வேண்டும்.

எனவே முதல் வேலை, அளப்பது. 'மாங்கோஹட்' என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. கேம் ஓடும்போதே ஸ்க்ரீனின் மூலையில் எஃப்.பி.எஸ். (அதாவது ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம், எத்தனை படம் வருகிறது), கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, பிராசஸர் எத்தனை சதவீதம், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும். சூடு, ரேம், எந்த கார்டு ஓடுகிறது என்பதையும் காட்டச் சொல்லலாம்.

இதில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. 60 எஃப்.பி.எஸ். என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லிசெகண்ட். சராசரி 60 என்று காட்டினாலும், நடுநடுவே ஒரு ஃபிரேம் 100 மில்லிசெகண்ட் எடுத்தால் கண் அதை உடனே பிடித்துவிடும். "60 காட்டுதே, அப்புறம் ஏன் திக்குது?" என்ற கேள்விக்குப் பதில் அந்த ஃபிரேம் நேரக் கோட்டில் இருக்கிறது. எப்போதும் மெதுவாக ஓடுவது ஒரு நோய். நன்றாக ஓடி நடுவில் திக்குவது வேறு நோய். மருந்தும் வேறு.

இனி எண்களைப் படிப்போம். கிராஃபிக்ஸ் கார்டு 97, 98 சதவீதத்தில் நிற்கிறதா? அது தன்னால் முடிந்ததைச் செய்கிறது. நிழல், ரிசல்யூஷன் போன்ற செட்டிங்ஸைக் குறைத்தால் பலன் தெரியும். 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறங்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். கார்டு 40 சதவீதத்தில் சும்மா இருந்தும் கேம் மெதுவாக ஓடுகிறதா? அப்போது செட்டிங்ஸை எவ்வளவு குறைத்தாலும் வேகம் பெரிதாக ஏறாது. தடை பிராசஸரிலோ, ரேமிலோ, வேறெங்கோ இருக்கிறது.

நான் சொன்ன அந்த 2017 லேப்டாப்பில் பெரும்பாலும் குற்றவாளி கிராஃபிக்ஸ் டிரைவர்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உபுண்டு, மின்ட் போன்றவற்றைப் போட்டதும் என்விடியா கார்டுக்கு 'நோவோ' என்ற திறந்த மூல டிரைவர் தானாக வந்து உட்காரலாம். ஸ்க்ரீன் தெரியும், வீடியோ ஓடும், எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். ஆனால், ஜிடிஎக்ஸ் 1050 சேர்ந்த பாஸ்கல் தலைமுறை கார்டுகளின் வேகத்தை நோவோவால் கூட்ட முடியாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே கார்டு நின்றுவிடும். அதற்குத் தேவையான கையெழுத்திட்ட ஃபர்ம்வேரை என்விடியா அந்தக் கார்டுகளுக்குக் கொடுக்காததே காரணம். விலை கொடுத்து வாங்கிய கார்டு, வேலை செய்ய அனுமதியில்லாமல் இருக்கிறது. இது நம் பிள்ளையின் தப்பா, லினக்ஸின் தப்பா?

தீர்வு எளிது. மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற பகுதியைத் திறந்து, என்விடியாவின் சொந்த டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறை கார்டுகளுக்கு 580 வரிசை டிரைவர்தான் கடைசி. அதற்குமேல் எண் உள்ள டிரைவர் புதிது என்பதற்காகப் போட்டால், பழைய கார்டை அது கண்டுகொள்ளாது.

அடுத்தது, இந்த லேப்டாப்களில் இரண்டு கிராஃபிக்ஸ் உண்டு. பிராசஸரோடு வரும் இன்டெல் ஒன்று, என்விடியா இன்னொன்று. பேட்டரியைச் சேமிக்க இன்டெல்லே எல்லா வேலையையும் பார்க்கும்படி அமைப்பு இருக்கலாம். கேமும் அதிலேயே ஓடி மூச்சு வாங்கும். மாங்கோஹட்டில் கார்டின் பெயரைப் பார்த்தால் இது நொடியில் தெரிந்துவிடும். மின்ட்டில் கீழே இருக்கும் என்விடியா ஐகானைக் கிளிக் செய்து 'பெர்ஃபார்மன்ஸ்' முறைக்கு மாற்றி, லாக் அவுட் செய்துவிட்டு வாருங்கள். பல வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும்.

உங்களுடையது இதைவிடப் பழைய மெஷினா? இன்டெல் நான்காம் தலைமுறை கிராஃபிக்ஸிலும், என்விடியாவின் 600, 700 வரிசைகளில் உள்ள கெப்ளர் கார்டுகளிலும் வல்கன் 1.3 கிடையாது. டிஎக்ஸ்விகே 2.0-வும் அதற்குப் பிந்தையவையும் அதைக் கட்டாயம் கேட்கின்றன. ஸ்டீமில் கேம் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கம்பேட்டிபிலிட்டி' போய், பழைய புரோட்டான் பதிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கேமிலேயே டைரக்ட்எக்ஸ் 11, 12 என்று இரண்டும் இருந்தால், பழைய கார்டுக்கு 11 நல்லது.

இனி, நன்றாக ஓடி நடுவில் திக்கும் கேம். புதிய இடம், புதிய எதிரி, புதிய வெடிப்பு வரும்போதெல்லாம் திக்குகிறது, இரண்டாவது முறை அதே இடத்தில் திக்கவில்லை என்றால், அது ஷேடர் தயாராகும் நேரம். உங்கள் கார்டுக்கு ஏற்ற சிறு புரோகிராம்களை முதல் முறை தயார் செய்ய வேண்டியிருக்கிறது. கேம் திறக்கும் முன் ஸ்டீம் "வல்கன் ஷேடர்கள்" என்று ஏதோ தயாரிப்பதைக் காட்டினால், அவசரப்பட்டு 'ஸ்கிப்' அழுத்த வேண்டாம். அந்தக் காத்திருப்பு வீணில்லை.

கேம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். விண்டோஸ் காலத்து 'டி' டிரைவிலேயே கேமை விட்டுவிட்டு லினக்ஸிலிருந்து திறக்கிறவர்கள் நிறைய. அது என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் இருக்கும். புரோட்டானுக்கு அதில் சிக்கல்கள் வரும், லோடிங்கும் தாமதமாகலாம். லினக்ஸின் சொந்த இ.எக்ஸ்.டி.4 பகுதிக்குக் கேமை மாற்றிவிடுங்கள்.

பிறகு நம் ஊர் வெயில். முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு மெதுவாகிறதா? மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து விளையாடினால் காற்று போகும் வழி அடைபடும். எட்டு வருஷத் தூசி ஃபேனில் இருக்கும். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். சார்ஜர் போட்டே விளையாடட்டும். பவர் செட்டிங்கில் 'பெர்ஃபார்மன்ஸ்' முறை இருந்தால் அதை வைக்கலாம். ஃபெரல் இன்டராக்டிவ் தந்த 'கேம்மோட்' என்ற கருவி, கேம் ஓடும் நேரத்துக்கு மட்டும் இதைத் தானே செய்யும். 8 ஜிபி ரேம்தான் என்றால், கேமுக்கு முன் பிரவுசரை மூடிவிடுவதும் நல்ல பழக்கம்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில கேம்கள் லினக்ஸில் ஓடாது. வாலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் அப்படித்தான். ஏமாற்றி விளையாடுபவர்களைத் தடுக்கும் அவற்றின் பாதுகாப்பு முறை லினக்ஸை அனுமதிப்பதில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸை விலக்கியது. ஜிடிஏ 5-இன் ஆன்லைன் பகுதியும் அதே ஆண்டு செப்டம்பரில் மூடிக்கொண்டது. கதைப் பகுதி ஓடுகிறது. இவற்றை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது. "சரியாக்கித் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்றவற்றுக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் எப்படிச் செய்வது? ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கேமில் ஒரே இடத்தை எடுத்துக்கொண்டு, மாற்றத்துக்கு முன் எஃப்.பி.எஸ்., பின் எஃப்.பி.எஸ். என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். எங்கோ பார்த்த பத்து கட்டளைகளை ஒரேயடியாகப் போட்டால், எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்குமே தெரியாது. அந்தக் கட்டளைகள் பலதும் வேறு கார்டுக்காக, வேறு காலத்தில் எழுதப்பட்டவை.

இதில் நீங்கள் கம்ப்யூட்டர் தெரிந்தவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து "இப்ப எவ்வளவு காட்டுது?" என்று கேட்டால் போதும். ஒரு கோளாறை ஊகத்தில் விடாமல், அளந்து, பிரித்து, காரணத்தைக் கண்டுபிடிக்கும் பழக்கம் பிள்ளைக்கு அங்கே வந்துவிடும். டியூஷன் வைத்து இதைச் சொல்லித்தர முடியுமா?

எல்லாம் செய்தும் கார்டு 99 சதவீதத்திலேயே நின்று, கேம் இன்னும் கேட்கிறது என்றால், அப்போது புதிது வாங்கலாம். தவறில்லை. ஆனால் அன்று கடைக்குப் போகும்போது உங்களுக்கு எது பற்றவில்லை, ரேமா, கார்டா, பிராசஸரா என்று தெரிந்திருக்கும். விற்பவர் காட்டுவதை வாங்காமல், வீட்டுக்குத் தேவையானதை வாங்குவீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எந்த வழியிலும் நஷ்டமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்