திருகாணிக்கு டிரில் போடாதீங்க சாமி!

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால நிஜ ஆணியைப் பத்தி ஒரு பதிவு. திட்டறதுக்குன்னே எழுதறேன், முன்னாடியே சொல்லிட்டேன்.

ஆன்சைட்டுன்னு ஒஹாயோ வந்ததுல பிடிச்ச பைத்தியம், பழைய துப்பாக்கி. (1898 வரைக்கும் செஞ்சதை இங்கே மத்திய சட்டம் ஆன்டிக்னு தனியா வெச்சிருக்கு.) போன மாசம் 1853 மாடல் என்ஃபீல்டு ஒண்ணு வாங்கினேன். 1857 சிப்பாய்க் கலகம்னு படிச்சோமே, கொழுப்பு தடவின தோட்டா, அது இந்தத் துப்பாக்கிக்கு வந்ததுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ரெண்டு தரப்பும் இதை வாங்கிக் குவிச்சாங்க. என்னோடது பர்மிங்காம் வேலை, லாக்குல 1862னு இருக்கு.

வீட்டுக்கு வந்து பார்த்தா, நிப்பிள் (சிரிக்காதீங்க, கேப் மாட்டற குட்டிப் பாகத்துக்குப் பேரே அதுதான்) இருந்த இடத்துல கோணலா ஒரு ஓட்டை. கழட்ட வரலைன்னு யாரோ ஒரு புண்ணியவான் டிரில் போட்டிருக்கார். உள்ள மரை மொத்தமும் காலி. நம்ம ஊர்ல மரை கழண்டவன்னு வேற அர்த்தத்துல சொல்வோம். அவருக்கு ரெண்டு அர்த்தமும் பொருந்தும்.

கருமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும். கேப் வெடிச்ச உப்பு இரும்பை அரிக்கும். 150 வருஷமா பிடிச்ச துரு பதினஞ்சு நிமிஷத்துல விடணும்னா எப்படிங்க?

"உடைஞ்சா வேற ஸ்க்ரூ போட்டுக்கலாம்"னு ஒரு கோஷ்டி. என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில அமெரிக்க மெஷின்களை வெச்சு ஒண்ணுக்கொண்ணு மாத்தற மாதிரி பாகங்கள் செஞ்சாங்க. பர்மிங்காம்ல சின்னச் சின்னப் பட்டறைகள்ல அரத்தால ராவிப் பொருத்தினது. இதோட ஸ்க்ரூ பக்கத்துத் துப்பாக்கியில ஏறணும்னு கட்டாயம் இல்லை. எங்கே போய் வாங்குவீங்க?

"நல்லா சூடு காட்டு, வரும்"னு இன்னொரு கோஷ்டி. முதல்ல உள்ளே மருந்து இருக்கான்னு பார்த்தீங்களா? குழலுக்குள்ள கம்பியை விட்டு, வாய்கிட்ட குறி போட்டு, வெளியே வெச்சு அளங்க. நிப்பிள் கிட்ட வரைக்கும் போகலைன்னா, உள்ளே ஏதோ இருக்கு. கையை எடுத்துட்டு, தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க. காய்ஞ்ச கருமருந்துக்கு வயசே ஆகாது. 2008ல வர்ஜீனியாவுல உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் பண்ணின ஒரு சேகரிப்பாளர், அது வெடிச்சு செத்தே போனார். அதுக்கு அப்போ 140 வயசுக்கு மேல!

செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். துருவுக்குள்ள ஊடுருவற எண்ணெய் விட்டு, நாள் கணக்குல ஊற விடுங்க. லேசா தட்டுங்க. கடையில விக்கிற ஸ்க்ரூ டிரைவர் முனை ஆப்பு மாதிரி சரிவா இருக்கும், திருகினா வழுக்கி வெட்டை நாசம் பண்ணிடும். ரெண்டு பக்கமும் சமமா ராவி, வெட்டுல டைட்டா உட்கார வைங்க. முதல்ல ஒரு மயிரிழை இறுக்குங்க, அப்புறம் தளர்த்துங்க. வரலையா? திரும்ப எண்ணெய், திரும்ப ஒரு வாரம்.

அப்பவும் வரலையா? விட்டுடுங்க. வேலையை விட்டுப் போனவன் எழுதின கோடு புரியலைன்னு சர்வரையே ஃபார்மேட் பண்ணுவோமா? அதுக்காவது பேக்கப் இருக்கும். இதுக்கு இல்லை.

டிஸ்கி: அந்தப் புண்ணியவான் இதைப் படிச்சா, பின்னூட்டத்துல ஒரு ஸாரி சொல்லுங்க. எனக்கு வேண்டாம், அந்த பர்மிங்காம்காரனுக்கு.