பட்டறைக்குத்தான் போவாய்!



வழக்கமாக இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதும் நான் இன்று மகிழுந்துக்கு எண்ணெய் மாற்றுவது பற்றி எழுதுகிறேன். இவருக்கு என்ன ஆயிற்று என்று சிலர் நினைக்கக்கூடும். கடைசிவரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்னிடம் இருப்பது 2002ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. 525ஐ. ‘வாத்தியாருக்கு வந்த வாழ்வைப் பார்’ என்று அவசரப்பட வேண்டாம். இருபது ஆண்டுகளைத் தாண்டிய இத்தகைய வண்டியைப் புதிய பெரோடுவா விலையில் பாதிக்கும் குறைவாக ஈப்போவில் வாங்கிவிடலாம். வாங்குவது எளிது, வைத்துக் காப்பாற்றுவதுதான் கடினம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் நான். துரையின் வண்டி செம்மண் சாலையில் வரும்போது நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்போம். தொட்டுப் பார்க்க ஆசை. தொட்டால் அடி விழும். அந்த ஆசையின் மிச்சம்தான் இந்த வண்டி என்று என் துணைவியார் சொல்வார். மறுப்பதற்கில்லை.

வாங்கிய முதல் ஆண்டு, எண்ணெய் மாற்றுவதற்காக ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறை, காப்பி, நாளிதழ். மாலையில் ஆயிரம் வெள்ளியை நெருங்கிய பட்டியல் ஒன்றை நீட்டினார்கள். எண்ணெய், எண்ணெய் வடிகட்டி, கூலி, இன்னும் எனக்கு விளங்காத இரண்டு மூன்று வரிகள். ஐரோப்பிய வண்டி என்றால் இப்படித்தான் என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். வகுப்பறையில் ‘ஏன்’, ‘எப்படி’ என்று கேட்கச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குகிறவன், அங்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த முறை, புந்தோங்கில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் தம் பட்டறைக்கு வரச் சொன்னார். நம்மூர் வழக்கில் அவர் ஒரு போர்மேன். மெர்சிடிஸும் பி.எம்.டபிள்யூவும்தான் அவர் கையில் அதிகம். “சார், நீங்களே செய்யுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்” என்றார். எனக்கு உள்ளூர நடுக்கம்.

முதலில் அவர் காட்டியது வண்டியின் அடிப்பகுதியை அன்று, மேற்பகுதியை. இந்த இயந்திரத்தில் எண்ணெய் வடிகட்டி மேலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 36 மில்லிமீட்டர் மூடி ஒன்றைத் திருகினால் கழன்றுவிடும். முன்பு நான் வைத்திருந்த சிறிய வண்டியில் வடிகட்டியைத் தொடவே தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். சொகுசு வண்டி என்றால் தொடமுடியாத வண்டி என்று நான் நினைத்திருந்தது அந்த இடத்திலேயே தகர்ந்தது. மூடியைத் திறந்தோம். உள்ளே இருந்த காகித வடிகட்டி கறுத்து, மடிப்புகள் நைந்து கிடந்தது. சென்ற ஆண்டு மாற்றியதாக நான் பணம் கட்டிய அதே வடிகட்டி! மாற்றவே இல்லை. மாணவர் ஒன்றும் சொல்லவில்லை; அதை ஒரு பழைய நாளிதழில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு வேலை தொடங்கியது. இயந்திரம் மிதமான சூட்டில் இருந்தால் எண்ணெய் எளிதில் இறங்கும். வண்டியைத் தூக்கியபின் தாங்கி வைக்காமல் அடியில் தலையை நீட்டக்கூடாது. ஜாக்கை மட்டும் நம்பிப் படுத்து உயிரை விட்டவர்கள் உண்டு என்று அவர் மூன்று முறை சொன்னார். பெற்றோர் இந்த வரியை மட்டுமாவது நினைவில் வையுங்கள். அடியில் இருக்கும் வடிகால் திருகாணிக்கு 17 மில்லிமீட்டர் ஸ்பேனர். கழற்றியதும் கறுப்பாகக் கொட்டியது. மலாய்க்காரர்கள் இதை மிஞாக் ஹித்தாம் என்கிறார்கள். நம்மவர் வாயிலும் அதுவே. புதிதாக ஊற்றும்போது தேன் நிறத்தில் இருப்பது, இயந்திரத்தின் அழுக்கையெல்லாம் தன்மேல் ஏற்றிக்கொண்டு கறுத்துப்போகிறது.

திருகாணியைத் திரும்பப் பூட்டும்போதுதான் எனக்குப் பாடம் நடந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், இது கைபலம் இல்ல, கணக்கு.” அந்தத் திருகாணிக்கு 25 நியூட்டன் மீட்டர். வடிகட்டி மூடிக்கும் அதே 25. அதாவது, 25 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் ஏறக்குறைய 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்குவிசை. அதற்குமேல் போனால் அலுமினியத் தொட்டியின் மரை தேய்ந்து, ஐந்து வெள்ளி வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். திருகாணியின் கழுத்தில் இருக்கும் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது. நெம்புகோலைப் பற்றி அறிவியல் வகுப்பில் எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன்! நெம்புகோலின் நீளத்தை என் தோள்பட்டையில் உணர்ந்தது அன்றுதான்.

எண்ணெய்க் கலத்தில் 5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தது. அந்த ‘டபிள்யூ’ எதைக் குறிக்கிறது என்று கேட்டேன். ‘விண்டர்’, குளிர்காலம் என்றார். முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் தடிப்பையும் குறிக்கின்றன. ஈப்போவில் குளிர்காலம் ஏது? கேமரன் மலைக்குத்தான் போக வேண்டும். (கேமரன் மலை பகாங்கில் இருக்கிறது என்று என் நான்காம் ஆண்டு மாணவர்கள் உடனே திருத்துவார்கள்.) மொத்தம் ஆறரை லிட்டர். முதலில் ஆறு லிட்டர் ஊற்றி, இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கசிவு இல்லை என்று பார்த்து, சற்றுப் பொறுத்து, அளவுகோலை உருவி, இரு கோடுகளுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்று கண்டபின் மீதியை ஊற்ற வேண்டும்.

செலவு முந்நூற்றைம்பது வெள்ளிக்குள் அடங்கியது. ஆனால் நான் எழுத வந்தது பணக்கணக்கு அன்று.

கையைத் துடைத்துக்கொண்டே அவர் சிரித்தபடி சொன்னார்: “சார், அஞ்சாம் வகுப்புல என்கிட்ட சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? இப்படியே இருந்தா பட்டறைக்குப் போய் எண்ணெய்தான் துடைப்பேன்னு. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க.”

எனக்கு நினைவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. அவர் மனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கியிருக்கும் ஒரு சொல், சொன்னவனுக்கு மறந்தே போயிற்று. அவர் கோபமாகச் சொல்லவில்லை. “எங்கப்பாவும் அப்போ பட்டறையிலதான் வேலை செஞ்சாரு சார். அன்னைக்கு வீட்டுக்குப் போய் அவர் கையைப் பார்த்தேன்” என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் இச்சொல்லைச் சொல்லியிருக்கிறோம்? ‘மாடு மேய்க்கத்தான் போவாய்’ என்று நம் ஆசிரியர்கள் சொன்னார்கள். மாடு போய்ப் பட்டறை வந்தது, அவ்வளவே. இதன் வேர் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தோட்டத்தில் கையால் செய்த வேலைக்கு மதிப்பில்லை. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களுக்கு மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லையென்றால் கூலியில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவர்களும் அவர்களே. அந்தத் தாய்தந்தையர் ‘என் பிள்ளை கையில் அழுக்குப் படக்கூடாது’ என்று நினைத்ததில் பிழை காண எனக்குத் தகுதியில்லை. அந்த நினைப்பால்தான் நானே ஆசிரியரானேன்.

எனினும் பால்மரம் சீவியவரின் துன்பத்தையும் இயந்திரம் பழுதுபார்ப்பவரின் அறிவையும் ஒரே கூடையில் போட்டது நம் தவறு. தோட்டத்தில்கூட அப்படி இருக்கவில்லை. ஆலையின் இயந்திரத்தை ஓட்டியவரையும், துரையின் வண்டிக்குப் பொறுப்பாயிருந்தவரையும் லயத்தில் எல்லாரும் மரியாதையோடுதான் அழைத்தார்கள். அந்த மரியாதையைப் படித்து வெளியே வந்த நாம்தான் தொலைத்தோம்.

பள்ளியில் நிலைமை என்ன? நான்காம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் இருக்கிறது. இடைநிலைப் பள்ளிகளில் 2017இல் புதிய கலைத்திட்டம் முதலாம் படிவத்திலிருந்து தொடங்கியபோது, பழைய வாழ்வியல் திறன் பாடம் போய் அங்கும் இதுவே வந்தது. பாடத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் தேர்வுக் காலம் நெருங்கினால் முதலில் பறிபோகும் பாடவேளை எது? உண்மையைச் சொல்லுங்கள். நானே கணிதத்துக்காகப் பலமுறை கடன் வாங்கியிருக்கிறேன்; திருப்பிக் கொடுத்ததில்லை. மீதமுள்ள வேளையிலும் பயிற்சித்தாளில் திருப்புளியின் படத்துக்கு வண்ணம் தீட்டியதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

பெற்றோருக்கு ஒன்று. உங்கள் பிள்ளை சைக்கிள் சங்கிலியைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் திட்டாதீர்கள். திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். பூட்டத் தெரியாமல் அழுதால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். மூன்றாம் படிவத்துக்குப் பிறகு தொழிற்கல்லூரிக்குச் சென்று வாகனத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா வரை படிக்க வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் தரப்படுகிறது. அதற்குமேல் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் உண்டு. என் மாணவர் மூன்றாம் நிலை முடித்தவர். பல்லுடைத்தால் மூன்று ‘ஏ’ பெற்ற பிள்ளைக்குக் கிடைக்கும் மாலை அவருக்கு எந்த மேடையிலும் கிடைத்ததில்லை. நம் பாராட்டு விழாக்களில் அவரைப் போன்றவர்களின் பெயரை நான் கேட்டதே இல்லை.

பட்டறைத் தொழில் சொர்க்கம் என்று எழுதமாட்டேன். கற்றுக்கொள்ளும் காலத்தில் சம்பளம் குறைவு, நேரம் நீளம், முதுகுவலி நிச்சயம். மின்வண்டிகள் பெருகினால் எண்ணெய் மாற்றும் வேலையே குறையும். அவற்றில் இயந்திர எண்ணெய் இல்லை. அவர் இப்போதே இரவில் உட்கார்ந்து கலப்பின வண்டிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறார். நம் மாணவர்களில் எத்தனை பேர், தேர்வு முடிந்தபின், தாமாக ஒரு நூலைத் திறக்கிறார்கள்?

இன்னொன்றையும் அன்று கற்றேன். வடித்த எண்ணெயை என்ன செய்வது என்று கேட்டேன். என் சிறுவயதில் அதை வேலிக் கம்பங்களில் கரையானுக்குப் பூசுவார்கள். மீதியைக் கால்வாயில் ஊற்றிவிடுவார்கள். அவர் ஒரு பீப்பாயைக் காட்டினார். மேலே ‘எஸ்.டபிள்யூ. 305’ என்ற எண். 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளில் பயன்படுத்திய மசகெண்ணெய்க்கு உள்ள குறியீடு அது. உரிமம் பெற்றவர்கள் மட்டுமே வந்து எடுத்துப்போக வேண்டும். வீட்டில் மாற்றினாலும் கலத்தில் அடைத்துப் பட்டறையில் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். அந்த எண்ணெய் தோலில் அடிக்கடி படுவதும் கேடு. எனவே கையுறை போடாமல் அவர் என்னைத் தொடவே விடவில்லை. 2019 மார்ச்சில் பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். 2020 செப்டம்பரில் ரவாங் அருகே கோங் ஆறு மாசுபட்டுப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் குடிநீர் நின்றது. ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்று ஆண்டுதோறும் கட்டுரை எழுத வைக்கும் எனக்கு அந்தக் குறியீட்டு எண் தெரியாது. எண்ணெய் துடைப்பவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லாரும் இன்றே தத்தம் வண்டியின் அடியில் புகுங்கள் என்று நான் சொல்லவில்லை. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் புதிய வண்டியை உரியவர்களிடமே விடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இடமும் இராது. மற்றவர்கள் ஒருமுறையாவது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய், பக்கத்தில் நின்று பாருங்கள். என் மகள் இப்போது அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் விட்டுப் பார்த்துச் சொல்கிறாள். ‘பெண்பிள்ளைக்கு எதற்கு இது?’ என்று முதலில் கேட்ட என் துணைவியார், சென்ற மாதம் தம் சிறிய வண்டியின் எண்ணெயையும் பார்க்கச் சொல்லி அவளைத்தான் அழைத்தார்.

நம் பள்ளிகளில் தொழில் வழிகாட்டி வாரத்துக்கு மருத்துவர் வருவார், காவல் அதிகாரி வருவார், தீயணைப்பு வண்டியும் மணியடித்துக்கொண்டு வரும். போர்மேன் வந்து நான் பார்த்ததில்லை. இவ்வாண்டு தலைமையாசிரியரிடம் பேசி என் மாணவரை அழைத்திருக்கிறேன். “பேச எனக்கு வராது சார்” என்று மறுத்தார். பேச வேண்டாம், ஒரு வடிகட்டியும் ஒரு டார்க் ரென்ச்சும் கொண்டுவாருங்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு முறை 25 வரை இறுக்கிப் பார்க்கட்டும் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, தம் தந்தையையும் கூட்டி வரலாமா என்று கேட்டார்.

அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.