மோட்டார் விலையும் மேல்விலையும்

திருச்சியில் புது மோட்டார் கார் வாங்கி, காவிரிப் பாலங் கடந்து ஸ்ரீரங்கத்தில் பூஜை போடும் அவசரத்தில், கடைக்காரர் நீட்டும் பட்டியலை நம்மவர் வாசிப்பதேயில்லை. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயமே. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு 3 வருஷத்திற்குச் சேர்த்தே எடுத்தாகவேண்டும். ஆனால் அதை அக்கடையிலேயே எடுக்கவேண்டுமென்று எச்சட்டமும் சொல்லவில்லை. வெளியே விசாரித்துவிட்டு வந்து பேரம் பேசுவதில் கௌரவக் குறைவென்ன? தேய்மானம் கழிக்காமல் நஷ்டஈடு தரும் கூடுதல் ஷரத்து, முதற் சில வருஷங்களுக்குக் கொடுத்த பணத்திற்குத் தகும் என்பது நமது அபிப்பிராயம். பளபளப்புப் பூச்சுக்கு அவ்வாறு சொல்லோம். மெழுகும் துணியும் போதும். முன்புறம் பூட்டும் இரும்புத் தடுப்போ, மோட்டார் வாகனச் சட்டத்திற்கு விரோதமென்று 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார் அறிவித்தாயிற்று. மோதலில் உயிர்காக்கும் காற்றுப்பைக்கு இடையூறாகி, வீதியில் நடப்போரையும் கடுமையாய்க் காயப்படுத்தும் அதனை இனாமாகத் தந்தாலும் மறுத்துவிடுக.