வாரத்துக்கு 168 மணி நேரம்: அதில் பிள்ளைக்கு எவ்வளவு?



கல்லூரிகள் திறந்து ஒரு மாதம் ஆகிறது. இந்த ஒரு மாதத்தில் எனக்கு இரண்டு விதமான போன் வருகிறது. பிள்ளைகள் பேசினால், "தாத்தா, படிக்க நேரமே கிடைக்க மாட்டேங்குது" என்கிறார்கள். பெற்றோர் பேசினால், "சார், எந்நேரமும் போனும் கையுமா இருக்கான். நேரத்தோட அருமையே தெரியல. நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்கிறார்கள். இந்தப் பெற்றோரில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். அந்த வயதில் அவர்கள் நேரத்தை எப்படிப் போக்கினார்கள் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன், பயப்பட வேண்டாம்!

இரு தரப்புக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். கிராமத்திலிருந்து டவுனுக்குப் போய் அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். தூக்கம் நாளுக்கு 7 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 49. வகுப்பு, நாளுக்கு 5 மணி என ஆறு நாளுக்கு 30. பஸ்ஸுக்கு நிற்பதும் போய்வருவதும் நாளுக்கு 3 மணி, ஆக 18. குளிக்க, சாப்பிட, துணி துவைக்க, கிளம்ப என்று நாளுக்கு 3 மணி, ஆக 21. மொத்தம் 118. மிச்சம் 50 மணி நேரம்.

ஐம்பது மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். பையன் மாலையில் ஒரு கடையில் தினம் 5 மணி நேரம் நிற்கிறான். ஆறு நாளில் 30 போய்விட்டது. பெண் பிள்ளை என்றால் வீட்டு வேலை தினம் 3 மணி நேரம், வாரத்தில் 21. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு டியூஷன் எடுத்தால் இன்னும் 10. இருவருக்கும் கையில் நிற்பது சுமார் 20 மணி நேரம்தான். அதிலும் போனை நாளுக்கு இரண்டரை மணி நேரம் பார்த்தால் பதினேழரை மணி போய்விடும். படிக்க மிஞ்சுவது வாரம் முழுக்க ஒன்றரை, இரண்டரை மணி நேரம்.

ஆக, பெற்றோர் சொல்வதும் உண்மை, பிள்ளை சொல்வதும் உண்மை. ஆனால் போனை மட்டும் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள், மற்ற மணி நேரங்களை யார் எடுத்துக்கொண்டார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் பிள்ளைகளுக்கு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஒரே ஒரு வாரம், அரை மணிக்கு ஒரு வரி வீதம், செய்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், பொய் மட்டும் எழுத வேண்டாம். கால அட்டவணை போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது, அன்றைய பாடத்தை அன்றே ஒருமுறை புரட்டுங்கள். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் தன்னையே சோதித்துப் பார்த்து, 1885-ல் ஒரு நூல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே மறந்துபோகிறது, மீண்டும் மீண்டும் பார்த்தால் மறதி குறைகிறது என்பது அவர் கண்டது. இன்று இருபது நிமிடம் பார்த்தால் முடிகிற பாடத்துக்கு, பரீட்சைக்கு முந்தைய வாரம் இரண்டு மணி நேரம் பிடிக்கும். நேரம் இல்லாதவர்கள்தான் இதை முதலில் செய்ய வேண்டும். கூட்டமான பஸ்ஸில் புத்தகத்தைப் பிரிக்க முடியாதுதான். ஆனால் கம்பியைப் பிடித்து நின்றபடி, இன்று என்ன நடத்தினார்கள் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்க முடியும்.

மூன்றாவது, மண்டை தெளிவாக இருக்கும் நேரத்தைக் கடினமான பாடத்துக்குக் கொடுங்கள். ரெக்கார்டு எழுதுவது, படம் வரைவது போன்றவற்றைக் களைத்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, இன்டர்னல் மதிப்பெண்ணைக் கோட்டை விடாதீர்கள். நம் ஊர்க் கலைக் கல்லூரிகள் பலவற்றில் நூற்றுக்கு 25 மதிப்பெண் உள்மதிப்பீடு. டெஸ்ட், அசைன்மென்ட் என்று செமஸ்டர் நடக்கும்போதே கைக்கு வருவது அது. டெஸ்ட் தேதி, அசைன்மென்ட் தேதி, பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். படித்தது மனசில் நன்றாகப் படியத் தூக்கமும் வேண்டும்.

இனி வீட்டாருக்கும் உறவுகளுக்கும். கோபித்துக்கொள்ளாமல் படிக்க வேண்டும்.

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும் என்றால் 68 நாள் போயாக வேண்டும். மிச்சம் 22 நாள். காய்ச்சல், பஸ் வராத நாள், வேலை வாங்கும் இடத்தில் "இன்னைக்குக் காலையிலேயே வந்துடு" என்ற நாள் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். இதற்கு நடுவே நாம் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், கோயில் கொடை என்று பத்திரிகை நீட்டுகிறோம். "முந்தின நாளே பிள்ளையை அனுப்பிடு, ஒத்தாசையா இருக்கும்" என்கிறோம். வராவிட்டால் "படிக்கிற திமிர்" என்கிறோம். விசேஷத்துக்கு வராத பிள்ளையை இனிமேல் யாரும் குறை சொல்லாதீர்கள். சாயங்காலம் தலையைக் காட்டிவிட்டுப் போனாலே போதும்.

பெண் பிள்ளை உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒன்று. 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மகளிருக்கு டிக்கெட் இல்லை. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில், தகுதியுள்ள பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நல்ல காரியங்கள். ஆனால் அரசாங்கம் பணம் தரலாம், பஸ் விடலாம். சாயங்காலம் வீடு திரும்பும் பெண்ணின் கையில் துடைப்பத்தைக் கொடுக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. அண்ணன் சாப்பிட்ட தட்டை அண்ணனே கழுவட்டும். தண்ணீர் பிடிப்பதைத் தம்பி செய்யட்டும். இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று ஒரு சட்டம் போடுங்கள். அதே நேரத்தில் டிவி சத்தத்தையும் குறையுங்கள். வாரத்துக்கு ஏழு மணி நேரம் சும்மா கிடைக்கும்.

கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். உங்களிடம் கல்லூரிப் பிள்ளைகள் பகுதி நேரமாக வேலை பார்த்தால், பரீட்சை நடக்கும் நாள்களில் அவர்களைச் சீக்கிரம் அனுப்புங்கள். அதற்காகச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். உங்கள் லாபம் ஒன்றும் குறைந்துவிடாது.

"எங்க காலத்துல இதெல்லாம் யார் பார்த்தா? நாங்க படிக்கலையா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நம்மில் பலர் ஆண்டுக்கு ஒருமுறை பரீட்சை எழுதியவர்கள். அப்போது நம்மோடு பள்ளியில் படித்தவர்களில் எத்தனை பேர் கல்லூரிப் படி ஏறினார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நேரம் கிடைத்தவர்கள் படித்தார்கள். கிடைக்காதவர்கள் வயலுக்கும் அடுப்படிக்கும் போனார்கள், அவர்களை யாரும் கணக்கில் எழுதவில்லை.

இன்றும் அதுதான் வேறு பெயரில் நடக்கிறது. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர், அடுத்ததில் மூன்று. மூன்றாம் ஆண்டு முடியும்போது பட்டம் கைக்கு வராது. பையன் அதே கடையில் முழுநேரமாகச் சேர்ந்துவிடுவான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். "படிப்பு ஏறல" என்று ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிடும். ஏறாமல் இல்லை, ஏற நேரம் கொடுக்கவில்லை.

பிள்ளைகளே, கிடைக்கும் மணியை அளந்து செலவு செய்யுங்கள். பெரியவர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்த 168-ஐ ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள். விடை 10-க்குக் கீழே வந்தால், பிள்ளையைத் திட்டும் முன் வீட்டில் யார் என்ன வேலையைக் குறைத்துக்கொடுக்க முடியும் என்று பேசுங்கள்.

எல்லாரும் நன்றாகப் படித்து, நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்